துண்டுச் சீட்டும் தொண்ணூறு நாளும்

வேலையை விட்டு விலகுவோர் எழுதும் கடிதங்களில் ஒரு வினோதமான இலக்கணம் உண்டு. 'எனது பணிவிலகலை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்றே ஏறத்தாழ அனைவரும் எழுதுகிறார்கள். கடிதத்தின் நோக்கமோ அறிவிப்பு. அதன் வாக்கியமோ விண்ணப்பம். நோட்டீஸ் என்ற சொல்லுக்கே அறிவித்தல் என்றுதான் பொருள். இன்ன நாள்முதல் நான் இங்கே இருக்கமாட்டேன் என்று ஒருவர் தெரிவிக்கிறார், மற்றவர் தெரிந்துகொள்கிறார். அரசுப் பணியில் ஏற்பாணை வேண்டும் என்பது வேறு கதை. தனியார் நிறுவனத்தில் அறிவிப்பதற்கு அப்பால் கேட்டுப் பெற வேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும் கேட்கும் தொனியிலேயே எழுதிப் பழகிவிட்டோம். கேட்டால் மறுக்கலாம் அல்லவா? மறுக்கிறார்கள். முன்னறிவிப்புக் காலம் பற்றிய சச்சரவுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலோ பெங்களூரிலோ கணினி நிறுவனமொன்றில் பணியாற்றும் எவரைக் கேட்டாலும் இக்கதையின் ஏதோவொரு வடிவத்தைச் சொல்வார். பணி ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் 90 நாட்கள். புதிய நிறுவனம் 30 நாட்களில் வந்து சேரச் சொல்கிறது. மீதி 60 நாட்களுக்கான ஊதியத்தைத் தாமே கட்டிவிடுவதாக ஊழியர் சொல்கிறார். 'அது எங்கள் விருப்பத்துக்கு உட்பட்டது' என்று மனிதவளத் துறை ஒப்பந்தத்தின் ஒரு வரியைச் சுட்டிக்காட்டுகிறது. மேலாளர் முதலில் சமாதானம் பேசுகிறார். பிறகு ஊதிய உயர்வு பேசுகிறார். இறுதியில், 'நீங்கள் போகலாம், ஆனால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது' என்கிறார். அந்தக் கடைசி வாக்கியத்தில் ஊழியர் அடங்கிப்போகிறார்.

ஏன் அடங்கிப்போகிறார் என்பதே என் கேள்வி. சட்டத்துக்கு அஞ்சியா? அப்படித் தோன்றவில்லை. சட்டம் இந்த விஷயத்தில் நிறுவனங்களுக்கு அளித்திருப்பது மிகச் சிறிய ஆயுதம்தான்.

மனம் ஒப்பாத ஒருவரை இன்னொருவரிடம் வேலை பார்க்கும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்துவதில்லை. தனிமனிதரின் உழைப்பையும் திறனையும் சார்ந்த ஒப்பந்தங்களை அவ்விதம் நிறைவேற்றிவைக்க இயலாது என்பது 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ள நெறி. ஒப்பந்தத்தை மீறியவரிடம் இழப்பீடு கேட்கலாம். அதற்கும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 74ஆம் பிரிவில் எல்லை வகுத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருந்தால் அதுவே உச்சவரம்பு. அதற்குள் நியாயமானது எதுவோ அதை மட்டுமே பெற முடியும். அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழில் எதையும் செய்யவிடாமல் தடுக்கும் உடன்படிக்கை அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது.

நீதிமன்றங்கள் எப்போதும் ஊழியர் பக்கமே நிற்கின்றன என்று சொல்லவரவில்லை. 2025ஆம் ஆண்டு மே மாதம் விஜயா வங்கி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. மூன்றாண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்ந்த அதிகாரி ஒருவர், காலம் முடியுமுன்னரே வேறொரு வங்கிக்குச் சென்றார். நிபந்தனை செல்லாது என்ற அவர் வாதத்தை உயர் நீதிமன்றம் ஏற்றது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுத்துறை வங்கி ஒவ்வொரு காலியிடத்துக்கும் விளம்பரம், தேர்வு என்று நெடிய நடைமுறையைப் பின்பற்ற வேண்டியிருப்பதைக் கருத்தில் கொண்டு அத்தொகை நியாயமானதே என்றது. இத்தீர்ப்பை ஊழியர்களுக்கு எதிரானது என்று பலர் வருத்தப்பட்டனர். எனக்கோ அதில் வேறொன்று முக்கியமாகப் பட்டது. அந்த அதிகாரி எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுப் பணத்தைக் கட்டினார், புதிய வங்கிக்குப் போனார். வழக்கு முழுவதும் அந்தப் பணத்தைப் பற்றியது. அவரைத் திரும்ப அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வாசலுக்கு ஒரு விலை இருந்தது. விலையைக் கொடுத்தவருக்கு வாசல் திறந்தது. 90 நாள் தகராறுகளில் இந்த எளிய நியாயம்கூடக் கிடைப்பதில்லை. விலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவரிடம், 'வாங்கிக்கொள்வதும் வாங்காததும் எங்கள் இஷ்டம்' என்கிறார்கள்.

அப்படியானால் ஊழியரைப் பிடித்துவைத்திருப்பது சட்டமல்ல, காகிதம். இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் கங்காணிகளின் கீழ்க் குழுக்களாகச் சென்றார்கள். வழிச்செலவு, அரிசி, முன்பணம் என்று எல்லாம் அவர்கள் பெயரில் கடனாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் பழைய துரையிடமிருந்து ஒரு சீட்டுப் பெற வேண்டும். இத்தனை ரூபாய் கடனைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று அதில் எழுதியிருக்கும். அதன் பெயர் 'துண்டு'. ஆங்கில ஆவணங்களிலும் அந்தத் தமிழ்ச் சொல்லே அப்படியே இடம்பெற்றது. கங்காணி துண்டை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களுக்குப் போவார். புதிய துரை கடனைத் தீர்த்தால் குழு இடம் மாறும். அந்தத் தொகை புதிய தோட்டத்தில் மீண்டும் தொழிலாளியின் தலைமேல் ஏறும். துண்டு இல்லாதவருக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. தக்க காரணமோ அனுமதியோ இன்றி வேலையை விட்டுப் போவது 1865ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டத்தின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது.

இந்தியாவிலும் இதற்கு இணையான சட்டம் இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டு விலகிய தொழிலாளியைக் குற்றவியல் நடுவர்முன் நிறுத்த வழிசெய்தது. முதலில் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் முதலாளிகளுக்காக இயற்றப்பட்ட அச்சட்டம் பின்னர் தோட்டங்கள்வரை விரிந்தது. 1925ஆம் ஆண்டில்தான் அதை நீக்கும் சட்டம் வந்தது. இலங்கையில் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்து விசைப்பலகையைத் தட்டும் ஒருவரின் துயரத்தைத் தோட்டத் தொழிலாளியின் துயரத்தோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர்களுடைய பசியும் நோயும் சாவும் வேறு, இது வேறு. அளவில் ஒப்புமை இல்லை. ஆனால் பொறியமைப்பில் ஒப்புமை உண்டு. அதை மட்டுமே சொல்கிறேன். பழைய முதலாளி கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் புதிய முதலாளி சேர்த்துக்கொள்ளமாட்டார். புதிய முதலாளி தொகையைச் செலுத்தினால் பழையவர் விடுவிப்பார்; அதற்கு இன்று 'நோட்டீஸ் பை-அவுட்' என்று பெயர். அப்படிச் செலுத்திய தொகையை, ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று புதிய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. கடன் தோட்டம் விட்டுத் தோட்டம் தொடர்ந்து வந்ததைப் போலவே, இதுவும் கூடவே வருகிறது.

இதில் நகைப்புக்குரிய விஷயம் ஒன்றுண்டு. இந்தச் சீட்டு மெய்ப்பிக்க வேண்டிய உண்மை ஏதும் இன்று மிச்சமில்லை. ஒருவர் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பணியாற்றினார் என்பது வருங்கால வைப்புநிதிக் கணக்கில் பதிவாகியிருக்கிறது. நிறுவனம் விலகல் தேதியைக் குறிக்காமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதங்கள் கழித்து ஊழியரே இணையதளத்தில் அதைக் குறித்துக்கொள்ளும் வசதி 2020இலிருந்து இருக்கிறது. சம்பளச் சீட்டுகள் இருக்கின்றன. வங்கிக் கணக்கு இருக்கிறது. வருமான வரிக்கான படிவம் 16 இருக்கிறது. இவற்றுக்கு மேலாக அந்தக் கடிதம் புதிதாகச் சொல்லும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: 'இவர்மீது எங்களுக்குக் கோபமில்லை.' ஒருவரின் அடுத்த வேளைச் சோற்றை முந்தைய முதலாளியின் மனநிலையோடு முடிச்சுப் போடுவது எந்த வகையில் நியாயம்?

பழைய தொழிற்சாலைச் சட்டங்கள் இதைவிட நாகரிகமாக இருந்தன. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளை எடுத்துக்கொள்வோம். மாத ஊதியம் பெறும் நிரந்தரத் தொழிலாளியின் வேலையை முடித்துக்கொள்ள ஒரு மாத முன்னறிவிப்பு. அதை முதலாளி கொடுத்தாலும் தொழிலாளி கொடுத்தாலும் அதே ஒரு மாதம்தான். அறிவிப்புக்குப் பதிலாக அத்தனை நாள் ஊதியத்தைக் கொடுக்கலாம். இன்னொரு விதி இதைவிட அழகானது. பணிநீக்கம் செய்யப்பட்டாலும், விடுவிக்கப்பட்டாலும், ஓய்வுபெற்றாலும் நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிச் சான்றிதழ் பெறும் உரிமை உண்டு என்றது அது. அதாவது, ஒழுங்கீனத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குக்கூடச் சான்றிதழ் மறுக்கப்படவில்லை. இன்றோ எந்தத் தவறும் செய்யாமல், 60 நாள் முன்னதாகப் போனார் என்பதற்காக மறுக்கிறார்கள். தொழிலாளி என்ற சொல்லுக்குள் தாம் வரமாட்டோம் என்று நாமே பெருமையாக எண்ணிக்கொண்டிருந்ததன் விலை இது என்றும் சொல்லத் தோன்றுகிறது.

கடைகள், அலுவலகங்களுக்கென உள்ள 1947ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத அறிவிப்போ அதற்கீடான ஊதியமோ இன்றியும் நீக்கக்கூடாது என்று முதலாளிக்குத்தான் கடமை விதித்தது. முன்னறிவிப்பு என்ற ஏற்பாடு வலுவற்றவரைக் காக்கவே பெரும்பாலும் தோன்றியது என்பதை இதிலிருந்தே உணரலாம். வேலை போனால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். வேறு வேலை தேட ஒரு மாதமாவது வேண்டும். ஆள் போனால் நிறுவனத்துக்கு வேலைகள் சற்றுத் தாமதமாகும். இரண்டும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவையல்ல.

ஜெர்மனியின் குடிமைச் சட்டம் இந்த வேறுபாட்டை நன்றாக உணர்ந்திருக்கிறது. அங்கே ஊழியர் கொடுக்க வேண்டிய அடிப்படை அறிவிப்பு நான்கு வாரம். முதலாளி கொடுக்க வேண்டிய அறிவிப்போ ஊழியரின் பணிக்காலத்தோடு வளர்கிறது. இருபதாண்டுகள் பணியாற்றியவருக்கு ஏழு மாதம். ஒப்பந்தத்தில் ஊழியரின் காலத்தை நீட்டலாம். ஆனால் முதலாளிக்குரிய காலத்தைவிட அது நீளமாக இருக்கக்கூடாது. பணிச் சான்றிதழ் அங்கே சட்ட உரிமை. தமிழர்கள் திரளாக வாழும் சிங்கப்பூரில் வேலைவாய்ப்புச் சட்டம் இரு தரப்புக்கும் ஒரே கால அளவு என்கிறது. ஒப்பந்தம் எதுவும் சொல்லாதபோது, ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கும் நான்கு வாரமே. யார் வேண்டுமானாலும் அறிவிப்புக்குப் பதில் ஊதியத்தைக் கொடுத்து உடனே முடித்துக்கொள்ளலாம். இதனால் சிங்கப்பூரில் நிறுவனங்கள் நொடித்துப்போனதாகத் தெரியவில்லை.

மறுதரப்பின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். பாதி வேலையில் ஒருவர் எழுந்து போனால் அவதிப்படுவது நிறுவனம் என்ற அருவம் மட்டுமல்ல. பக்கத்து நாற்காலியில் இருக்கும் சக ஊழியர்தான் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டில் ஆகாசா ஏர் நிறுவனத்தின் விமானிகள் நாற்பதுக்கும் மேற்பட்டோர் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் விலகினார்கள். விமானங்கள் ரத்தாயின, நிறுவனம் நீதிமன்றம் சென்றது. விமானத்தை ஓட்ட ஆளில்லை என்றால் பயணச்சீட்டு வாங்கியவர் நிலையத்தில் தவிக்க வேண்டியதுதான். அங்கே துணை விமானிக்கு ஆறு மாதம், தலைமை விமானிக்கு ஓராண்டு என்று அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே நீண்ட காலம் விதித்திருந்தது. அத்தனை நீண்ட விதி இருந்தும் விலகலைத் தடுக்க முடியவில்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். கால அளவை நீட்டுவதால் மட்டும் ஆட்கள் நிற்பதில்லை. போக முடிவெடுத்தவர் சொல்லாமல் போகிறார், அவ்வளவுதான்.

கணினித் துறையிலும் இதுவே நடக்கிறது. ஆள் போய்விடக்கூடாது என்று ஒரு நிறுவனம் காலத்தை நீட்டுகிறது. காலம் நீண்டதால் ஊழியர் அந்த 90 நாட்களில் மேலும் நான்கு இடங்களில் நேர்காணலுக்குப் போகிறார். முதலில் ஒப்புக்கொண்ட இடத்துக்குக் கடைசி நாளில் கைவிரிக்கிறார். அப்படி ஏமாந்த நிறுவனம், 'உடனே சேர்பவர்களுக்கே முன்னுரிமை' என்று விளம்பரம் செய்கிறது. அதே சமயம் தன் ஊழியர்களுக்கு 90 நாள் விதியை இன்னும் இறுக்குகிறது. உடனே சேர்பவர் வேண்டும், உடனே போகிறவர் கூடாது என்று ஒவ்வொரு நிறுவனமும் விரும்பினால் அந்தக் கணக்கு எப்படி நேராகும்? விளைவாக, கையில் வேறு வேலை இல்லாமலே முதலில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் பிறகு வேலை தேடும் இளைஞர்களைக் காண்கிறோம். மூன்று மாதத்துக்குள் ஏதாவது கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. கிடைக்காமல் போனவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை.

90 நாட்களில் உண்மையாக வேலை ஒப்படைக்கப்படுவது எத்தனை நாள் என்பதையும் கேட்டுப்பார்க்க வேண்டும். முதல் மாதம் மாற்று ஆள் தேடுவதாகச் சொல்வார்கள். இரண்டாம் மாதம் தேடிக்கொண்டேயிருப்பார்கள். கடைசி இரண்டு வாரங்களில் ஒருவரை அழைத்துவந்து அருகே உட்காரவைப்பார்கள். ஒப்படைப்பு அந்த இரண்டு வாரங்களில் நடக்கும். மீதி நாட்கள் காத்திருத்தல் மட்டுமே. கூட்டங்களுக்கு அழைப்பு வராது, புதிய வேலை தரமாட்டார்கள், விடுப்பும் தரமாட்டார்கள். வாசல் திறந்திருக்கிறது, செருப்பைத்தான் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம் இந்த நிலையை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியத் தொகுப்பு ஒரு நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்துள்ளது. முன்பிருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், முதலாளி வேலையை விட்டு நீக்கினால் இரண்டாம் வேலைநாள் முடிவதற்குள் ஊதியத்தைக் கொடுக்க வேண்டும் என்றது. தாமாக விலகியவரைப் பற்றிப் பேசவில்லை. புதிய தொகுப்பு விலகியவரையும் சேர்த்து, இரண்டு வேலைநாட்களுக்குள் ஊதியம் தர வேண்டும் என்கிறது. கணக்கு முடிக்க 45 நாள், 60 நாள் என்று இழுக்கும் வழக்கத்துக்கு இது முற்றுப்புள்ளி வைக்கக்கூடும். ஆனால் பணத்தைப் பற்றிப் பேசிய சட்டம் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லை. துண்டு அப்படியே இருக்கிறது.

வேண்டுவன மூன்று என்பது என் கருத்து. முன்னறிவிப்புக் காலம் இரு தரப்புக்கும் எல்லா வகையிலும் சமமாக இருக்க வேண்டும். நிறுவனம் நீக்கும்போது அடிப்படை ஊதியத்தில் கணக்கிடுவதும், ஊழியர் விலகும்போது மொத்த ஊதியத்தில் கணக்கிடுவதும் சமமாகாது. பணம் கட்டி விலகுவது நிறுவனத்தின் விருப்பமாக இல்லாமல் ஊழியரின் உரிமையாக வேண்டும். பணிச் சான்றிதழ் எந்தத் தகராறுக்கும் பிணையாகாமல், கடைசி நாளன்று கையில் தரப்பட வேண்டும். இழப்பு ஏற்பட்டதாகக் கருதும் நிறுவனம் தாராளமாக வழக்குத் தொடுக்கட்டும். அந்த உரிமையை யாரும் பறிக்கவில்லை. வழக்குத் தொடுத்தால் இழப்பை நிரூபிக்க வேண்டும். கடிதத்தை நிறுத்திவைத்தால் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தக் குறுக்குவழியைத்தான் அடைக்கச் சொல்கிறேன்.

சட்டம் வரும்வரை விலகுபவர் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. சொல்லாமல் மறைவது கூடாது. அது அடுத்தவரின் கழுத்தில் இன்னொரு சுருக்கு. தேதியிட்டு எழுத்தில் அறிவிக்க வேண்டும். என்னென்ன வேலை, யாரிடம், எந்த நாளில் ஒப்படைக்கப்பட்டது என்பதை மின்னஞ்சலில் பதிவுசெய்து படியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். மீதி நாட்களுக்கான தொகையைக் கட்டச் சித்தமாக இருப்பதையும் எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்' என்பதை விட்டுவிட்டு, 'இன்ன நாளோடு விலகுகிறேன் என்று அறிவிக்கிறேன்' என்று எழுதத் தொடங்கலாம். மரியாதை குறையாது. யார் யாரிடம் எதைக் கேட்கிறார்கள் என்பது மட்டும் தெளிவாகும்.